ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு டயர்

கருப்பனுக்கு வரவேண்டிய பாக்கி பதினாலாயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய். ஒரு டயரைத் தூக்கி அடுக்கிப் பட்டை போட்டு இறுக்கினால் ஒன்பது ரூபாய் கூலி. அப்படி ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு டயர். கருப்பன் நான்கு முறை பெருக்கிப் பார்த்தார். நான்கு முறையும் அதே தொகைதான் வந்தது. அப்படி மாறாமல் வந்ததே அவருக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

நாகலாபுரத்திலிருந்து ஸ்ரீசிட்டி பக்கம் போகும் வழியில் ஒரு கார்ப் பந்தயத் தடம் இருக்கிறது. அதன் வளைவுகளில் பழைய டயர்களை ஆறாறாக அடுக்கிச் சுவர் வைத்திருப்பார்கள். வேகமாக வரும் கார் வழி தவறினால் அதில் போய் முட்டும். டயர்கள் சிதறும், ஓட்டியவர் உயிரோடு இறங்கி வருவார். சிதறியதைத் திரும்ப அடுக்குவது கருப்பனின் வேலை. முட்டிய அணிதான் அடுக்குக்கூலி தரவேண்டும் என்பது தடத்தின் விதி. வாசலில் பெரிய பலகையில் எழுதி வைத்திருந்ததால் அதை யாரும் படிப்பதில்லை.

அவ்வளவு டயரையும் சிதறடித்தது ஒரே கார். ஓட்டியது அக்ஷயா என்ற இருபத்து மூன்று வயதுப் பெண். அவளுடைய அப்பா ராமகுப்பத்தில் பாறை வெட்டி விற்கிறவர். எட்டு மாதப் பயிற்சியில் ஐம்பத்து மூன்று தடவை முட்டினாள். ஒவ்வொரு தடவையும் கருப்பன் தேதி, வளைவு, டயர் எண்ணிக்கை மூன்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தார். நாற்பத்தேழு வயதில்தான் அவர் எழுத்துக் கற்றுக்கொண்டார். அதற்கு முன் ஒரு சூளைக்காரர் நீட்டிய தாளில் பெருவிரலை வைத்து, வாங்காத இரண்டு மாதக் கூலியை வாங்கியதாக ஒப்புக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகுதான் சாக்பீஸைக் கையில் பிடித்தார். கற்றது தமிழ் எழுத்து. தெலுங்கு அவருக்குக் காதில் ஏறும், கண்ணில் ஏறாது.

தை மாதம் அவருடைய நிலத்து மோட்டார் எரிந்துபோனது. நாலு வீட்டுக்குப் பொதுவான போர்வெல் அது. புது மோட்டாருக்குத் தலைக்குப் பதினாலாயிரம் என்று பேசினார்கள். பங்கு போடாத வீட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது. கருப்பனின் அரை ஏக்கர் வேர்க்கடலை அப்போதுதான் பூ விட்டிருந்தது.

"இன்னா மாமா, அந்தக் காருகாரங்க இன்னா சொல்றாங்க?" என்று அவர் மனைவி வெங்கடலட்சுமி தினமும் கேட்டாள்.

"குடுத்துடறன்றாங்க."

"எப்போ?"

"அத மட்டும் சொல்ல மாட்டன்றாங்க."

"மாசிக்குள்ள தண்ணி உடலன்னா கொடிதான் மிஞ்சும். மாட்டுக்குப் போட்டுட்டு நாம பாத்துக்கினு இருக்கலாம்."

இந்த நிலையில்தான் அக்ஷயா அகில இந்தியப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். புத்தூரிலிருந்து திருப்பதி வரை கம்பத்துக்குக் கம்பம் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அவளுக்குத் தேசிய கௌரவம் தரவேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. வைத்தவர் பெயர் அவள் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் அவளுடைய அணியின் மேனேஜர் ஜெபகுமார் கருப்பனைத் தேடி வந்தார். ஊத்துக்கோட்டையிலிருந்து தினமும் வந்து போகிறவர். கோபமே வராத மனிதர், அதனாலேயே கருப்பனுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை.

"கருப்பண்ணே, அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க. கணக்கு முடிக்கணும்."

"யாரு கணக்கு?"

"உங்க கணக்குதாண்ணே."

"நோட்டு இங்கியே கீது. பாத்து எழுதிக்க."

"ஒரிஜினல் வேணும்ணே. ஆபீஸ்ல கேக்கறாங்க."

கருப்பன் யோசித்தார். மோட்டாரை நினைத்தார். 'ஒரு நோட்டு பெற்றுக்கொண்டேன்' என்று ஜெபகுமாரிடம் தமிழில் எழுதி வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துவிட்டு, நோட்டைக் கொடுத்தார். தடத்து வாசலில் பங்ச்சர் கடை வைத்திருந்த சலீம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நோட்டு போச்சுண்ணே," என்றான்.

"ரசீது வாங்கிக் கீறேன்டா."

"ரசீது கீது. நோட்டு போச்சு."

நோட்டு போனது சித்தூருக்கு. அங்கே 'மோட்டார் வீரர் தேசிய கௌரவப் பரிந்துரைக் குழு' என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். விண்ணப்பத்தின் பதினான்காம் கட்டம், வீரரின் கடும் உழைப்புக்கு எழுத்துமூல ஆதாரம் கேட்டது. அக்ஷயாவின் உழைப்பை எழுதி வைத்திருந்த ஒரே மனிதர் கருப்பன். ஐம்பத்து மூன்று முறை விழுந்து ஐம்பத்து மூன்று முறை எழுந்த வரலாறு என்று குறிப்பெழுதி, நோட்டைத் துளையிட்டு, நாடா கட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு மையில் எண் போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

சிக்கல் இருபத்திரண்டாம் கட்டத்தில் வந்தது. விண்ணப்பதாரர் யாருக்கும் பாக்கி வைத்திருக்கக் கூடாது. யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை என்று அக்ஷயாவின் தரப்பில் பிரமாணம் செய்து முத்திரைத்தாள் கொடுத்தாயிற்று. ஆனால் பதினான்காம் கட்டத்துக்கு ஆதாரமான அதே நோட்டில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், 'கூலி வரவில்லை' என்று தமிழில் எழுதியிருப்பதாகச் சித்தூர் அலுவலகத்துத் தமிழ் தெரிந்த காவல்காரர் ஒருவர் படித்துச் சொல்லிவிட்டார். கருப்பனுக்கு நோட்டீஸ் வந்தது.

நாகலாபுரத்திலிருந்து சித்தூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். குழுவின் சூப்பிரண்டு தாட்சாயணி அம்மா அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். உட்காரச் சொன்னதே கருப்பனுக்குச் சரியாகப் படவில்லை. கூலி கேட்டுப் போன இடத்தில் அவரை இதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

குழுத் தலைவர் வேங்கடாசலம் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. தெலுங்கில் பேசினார், நடுநடுவே எல்லைக்காரர்களுக்காகத் தமிழையும் சேர்த்துக்கொண்டார். பந்தயத்தில் கார் ஓட்டி ஜெயிப்பவர் தேசிய கௌரவத்துக்குத் தகுதியானவரா என்பதே அன்றைய விவாதம்.

"உட்கார்ந்துகொண்டே செய்வது எப்படி விளையாட்டாகும்?" என்று கேட்டார் ஓர் உறுப்பினர். பழைய உடற்பயிற்சி ஆசிரியர்.

"இந்தக் குழுவும் உட்கார்ந்துகொண்டேதான் நாட்டுக்கு உழைக்கிறது," என்றார் தலைவர். உடற்பயிற்சி ஆசிரியர் தன் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் குறிப்பெழுதப்பட்டது.

ஒரு டாக்டர் எழுந்து, பந்தயத்துக்கு முன் வீராங்கனை ஐம்பத்து நாலு கிலோ, பின் ஐம்பத்திரண்டு, ஆகவே இரண்டு கிலோ வியர்வை உறுதி என்று சான்று வாசித்தார். அந்த வியர்வை தேசத்துக்காக வந்ததா, வெயிலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று ஒருவர் கேட்டார். டாக்டர் அடுத்த கூட்டத்துக்குள் சொல்வதாக ஒப்புக்கொண்டார். கருப்பன் தன் சட்டையின் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இவர்கள் எடை போட ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று அவருக்குப் புரியவில்லை.

அப்போது போக்குவரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் உறுப்பினர் கையைத் தூக்கினார். "ஐயா, திருமலை மலைப்பாதையில் இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவு, அத்தனை உயிர். ஒரு கீறல்கூடக் கிடையாது. அவர்களில் ஒருவரையாவது நாம்..."

"கூர்ச்சோண்டி, உட்காருங்கள்," என்றார் தலைவர். "கீறல் இல்லை என்கிறீர்கள். அதுதான் குறை. முட்டாதவர் எப்படி எழுவார்? எழாதவரிடம் எழுச்சிக்கு நான் எங்கே போவேன்? இன்னொன்று, அவர்களுக்கு நாம் மாதாமாதம் சம்பளம் கொடுத்தோம். சம்பளம் தேவைப்படுகிறவனுக்குச் சம்பளம். சம்பளம் தேவைப்படாதவருக்குத்தான் கௌரவம். இரண்டையும் கலந்துவிட்டால் நிர்வாகம் என்ன ஆகும்?"

கைதட்டினார்கள். கையைத் தூக்கியவரும் தட்டினார். பிறகு கருப்பனை முன்னால் கூப்பிட்டார்கள்.

"ஏமய்யா கருப்பன், உனக்கு ஏதோ பாக்கி இருக்கிறது என்கிறாயாம்?"

"ஆமா சார். பதினாலாயிரத்து முந்நூத்திப் பத்து."

"நாட்டுக்கே பெருமை தேடித் தந்த குழந்தை. உன் கையால் அடுக்கிய சுவரில் முட்டித்தான் ஜெயித்திருக்கிறது. உனக்குப் பெருமையாக இல்லையா?"

"கீது சார். கூலியும் வந்தா ரெண்டும் இருக்கும்."

தலைவர் தாட்சாயணி அம்மாவைப் பார்த்தார். தாட்சாயணி அம்மா ஒரு பொன்னாடையை எடுத்துக் கொடுத்தார். தலைவர் அதைக் கருப்பனுக்குப் போர்த்தினார். படம் எடுத்தார்கள். கருப்பன் பொன்னாடையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எங்கனா கையெழுத்துப் போடணுமா மேடம்?"

"இதுக்கு வேண்டாம்," என்று தாட்சாயணி அம்மா ஒரு தாளை நீட்டினார். "இதுக்குத்தான்."

தாள் தெலுங்கில் இருந்தது. யாரும் தனக்கு எதுவும் பாக்கி இல்லை என்ற சான்று. கருப்பன் அதைத் தொடாமல் பின்னால் நகர்ந்தார்.

வெளியே வந்ததும் ஜெபகுமார் பொறுமையாக விளக்கினார். "அண்ணே, இப்பப் பணம் குடுத்தா பாக்கி இருந்துச்சுன்னு ஆயிடும். பாக்கி இருந்துச்சுன்னா பிரமாணம் பொய்யாயிடும். பொய்ப் பிரமாணம்னா கௌரவம் கிடையாது. அதனால நீங்க மொதல்ல பாக்கி இல்லன்னு போடுங்க. அப்பறம் பாக்கியக் குடுத்துடறோம்."

"பாக்கி இல்லன்னு போட்டப்பறம் எந்தப் பாக்கியக் குடுப்ப?"

"நல்ல கேள்விண்ணே," என்றார் ஜெபகுமார்.

இரண்டாவது கூட்டம் திருப்பதியில் நடந்தது. அதற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் சித்தூர் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது ராமகுப்பம் சித்தூரிலேயே நின்றது, நாகலாபுரம் திருப்பதிக்குப் போனது. ஆகவே முட்டிய ஆள் சித்தூர் மாவட்டம், முட்டுப்பட்ட டயர் திருப்பதி மாவட்டம். கௌரவம் எந்த மாவட்டத்துக் கணக்கில் ஏறும் என்பதைத் தீர்மானிக்கும் வரை குழு இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை கூடுவதென்று ஏற்பாடு. எந்த ஊரில் கூடினாலும் மறு ஊருக்குப் பயணப்படி உண்டு.

திருப்பதியில் ஹோட்டல் ஒன்றின் மாடிக் கூடத்தில் கூடினார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது கருப்பன் பரிமாறுகிறவரிடம் ஓர் இலைக்கு எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டார். அறுநூற்று ஐம்பது என்றார் அவர். கருப்பன் தலைகளை எண்ணினார். தன்னையும் சேர்த்து இருபத்திரண்டு. மனதுக்குள் பெருக்கினார். அவருடைய பாக்கிக்குப் பத்து ரூபாய்தான் குறைவு. அதற்கு மேல் சாம்பார் இறங்கவில்லை.

சாப்பிட்ட களைப்போடு தலைவர் ஒரு வழி சொன்னார். "கருப்பன், உன் உழைப்பைச் சிரமதானம் என்று பதிவு செய்துவிடுவோம். தேசத்துக்காக ஓர் ஏழைத் தொழிலாளி மனமுவந்து அளித்த ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு டயர். கேட்கவே எப்படி இருக்கிறது பார். தானத்துக்குப் பாக்கி கிடையாது. உனக்கும் புண்ணியம்."

"தானம்னா குடுக்கறவன் வாயால வரணும் சார்," என்றார் கருப்பன். "எடுக்கறவன் வாயால வந்தா அதுக்கு வேற பேரு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாட்சாயணி அம்மாவிடம், "தானத்தின் தத்துவம் குறித்துத் திரு கருப்பன் உரையாற்றினார் என்று எழுதிக்கொள்ளுங்கள்," என்றார். இரண்டாவது பொன்னாடை வந்தது. சித்தூரில் போர்த்தியது சித்தூர் மாவட்டப் பொன்னாடை, இது திருப்பதி மாவட்டத்துடையது என்று விளக்கினார்கள்.

கிளம்பும்போது தாட்சாயணி அம்மா படிக்கட்டு வரை வந்தார். நாள் முழுக்க ஃபைல் தூக்கிய கை அவருக்கும் வலித்தது போலிருக்கிறது, தேய்த்துக்கொண்டே பேசினார். "இத பாருங்க, எனக்கு உங்க மேல கோவம் கிடையாது. பாக்கி இல்லன்னு ஆனாத்தான் ஃபைல் நகரும். எப்படி இல்லாம ஆக்கறதுன்றது உங்க இஷ்டம். வர புதன்கிழமை டெல்லியிலேர்ந்து பார்வையாளர் தடத்துக்கே வராரு. அதுக்குள்ள தாள் வேணும்."

பஸ்ஸில் கருப்பன் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். எப்படி இல்லாமல் ஆக்குவது. புத்தூர் தாண்டும்போது அவருக்கு முத்துமேஸ்திரி ஞாபகம் வந்தது. இளம் வயதில் அந்த மேஸ்திரியிடம் கருப்பன் செங்கல் சுமந்திருக்கிறார். கூலி வராவிட்டால் மேஸ்திரி சண்டை போடமாட்டார். கட்டின சுவரைப் பிரித்து, செங்கல்லை எண்ணி, வீட்டுக்காரர் கண்ணெதிரில் அடுக்கிவிட்டு, "செங்கல் உன்னுது, செவுரு என்னுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். போலீஸ்காரர் ஒருவர் வீட்டில்கூட அப்படிச் செய்தார். போலீஸ்காரருக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கருப்பன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தடத்துக்குப் போனார். முதல் வளைவில் பட்டையைத் தளர்த்தி, மேல் டயரை இறக்கித் தரையில் படுக்க வைத்தார். "ஒன்னு," என்றார்.

சலீம் ஓடிவந்தான். "இன்னாண்ணே பண்ற?"

"என் வேலய நான் எடுத்துக்கினு போறேன். டயரு அவங்களுது."

"அவங்க சும்மா உடுவாங்களா?"

"கேட்டா சொல்றேன். கேக்கறதுக்கு ஆள் வரட்டும்."

யாரும் கேட்கவில்லை. டெல்லிப் பார்வையாளர் வருகிறார் என்று தடமே பரபரத்துக்கொண்டிருந்தது. ஜெபகுமார் சொல்லித்தான் நடக்கிறது என்று வாட்ச்மேன் நினைத்தார். குழு சொல்லித்தான் என்று ஜெபகுமார் நினைத்தார். குழுவிலிருந்து ஏற்பாட்டைப் பார்க்க வந்தவர்கள், இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சலீம் கடையைப் பாதி மூடிவிட்டு வந்து கை கொடுத்தான். திங்கள் சாயந்தரத்துக்குள் ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு டயரும் தடத்தின் ஓரமாக வரிசையாகப் படுத்துவிட்டன. எண்ணிக்கைக்கு மேல், வளைவில்லாத இடத்து டயர் ஒன்றைக்கூடக் கருப்பன் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை வரவேற்பு ஏற்பாட்டு ஆட்கள் வந்தார்கள். பெரிய மனிதர் வந்தால் வழியோரத்துக் கல்லுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கம். கல் இல்லாததால் டயருக்கு அடித்தார்கள். டயருக்கு நடுவே ஓட்டை இருந்ததால் ஒவ்வொன்றிலும் ஒரு சாமந்தித் தொட்டியை இறக்கினார்கள். பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டார்கள். தடம் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது.

அன்று மத்தியானம் கருப்பன் தாட்சாயணி அம்மாவிடம் தாளைக் கொடுத்தார். அவர் கையால் தமிழில் எழுதியது: 'நாகலாபுரம் கருப்பன் எழுதிக் கொடுப்பது. எனக்கு வரவேண்டிய ரூ.14,310க்கு நான் செய்த வேலையை, 1,590 டயரையும் இறக்கி வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டேன். இனி எனக்கு யாரும் பாக்கி இல்லை. வளைவுகளில் சுவர் இல்லை.'

"நோ டியூஸ்தானே?" என்றார் அவர்.

"ஆமா மேடம். பாக்கி இல்ல. படிச்சுக் காட்டட்டா?"

"கையெழுத்து இருக்கில்ல, போதும்." முத்திரை விழுந்தது. பக்க எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

புதன்கிழமை காலை பந்தலில் நாற்காலி போட்டு அனைவரும் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட டெல்லிப் பார்வையாளர் நடுவில். அக்ஷயா தன் வீரத்தைச் செய்து காட்டவேண்டும், அதுதான் நிகழ்ச்சி. கருப்பன் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு காரிடம் போனார். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, செவுரு இல்ல."

"எந்தச் செவுருண்ணா?"

"அம்பத்தி மூணு வாட்டி முட்டினியே, அது."

அவள் வளைவைப் பார்த்தாள். "பூ வெச்சிருக்காங்களே."

"பூதான் கீது. அதுல முட்டினா அப்பிடியே அந்தாண்ட புளியமரம்தான்."

"யாரு எடுத்தது?"

"நான்தான். கூலி வரல, என் வேலய எடுத்துக்கினேன். எழுதியும் குடுத்துட்டேன்."

"கூலி வரலயா? செட்டில் ஆயிடுச்சுன்னு ஜெபா சொன்னாரே."

கருப்பன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் எதுவும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாததால் நிஜம் என்று எடுத்துக்கொள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை. முப்பத்தோராவது முறை முட்டியபோது இந்தப் பெண் மூக்கு ரத்தத்தைக் கையுறையில் துடைத்துக்கொண்டு திரும்பக் காரில் ஏறியதை அவர் பார்த்திருக்கிறார். அந்தத் தைரியம் நிஜம். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தைரியத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு சுவர் இருந்தது.

"இப்போ எவ்வளவு ஸ்பீடு போலாம்ணா?"

"என் டிவிஎஸ் ஃபிஃப்டி போறாப்பல போ."

"ஓட்டலன்னு சொல்லிட்டா?"

"ஃபைலு மறுபடியும் சித்தூருக்குப் போவும்."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

கொடி அசைந்தது. கார் பந்தலே அதிரும்படி உறுமியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதன் பிறகு கார் மெதுவாக நகர்ந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் போகும் வேகம்கூட இல்லை. முதல் வளைவில் நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பியது. இரண்டாம் வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. கார் நின்றது. நாய் படுத்தது. அது எழுந்து போகும் வரை அகில இந்தியச் சாம்பியன் காத்திருந்தாள். ஒரு சுற்று முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் பந்தலில் காப்பி கொடுத்து முடித்துவிட்டார்கள்.

டெல்லிப் பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இவர்தான் அந்தச் சாம்பியனா?" என்று கேட்டார்.

வேங்கடாசலம் மைக்கைப் பிடித்தார். அரை நொடிகூடத் தயங்கவில்லை. "மாண்புமிகு பார்வையாளர் அவர்களே, மெதுவாகப் போகத் தெரிந்தவர் மெதுவாகப் போவதில் என்ன இருக்கிறது? அதை நம் ஊர் மாட்டுவண்டியும் செய்யும். வேகமாகப் போகத் தெரிந்தவர் மெதுவாகப் போனாரே, அதுவல்லவா தியாகம். இன்று எந்த விபத்தும் நடக்கவில்லை என்பதை இந்தக் குழுவே நேரில் உட்கார்ந்து உறுதி செய்திருக்கிறது. போன மாதம் நான் ஒரு கருத்துச் சொன்னேன், முட்டினால்தான் எழுச்சி என்று. இப்போது சொல்கிறேன், முட்டாமலிருப்பதே முதிர்ச்சி. இரண்டும் என் கருத்துதான், ஆகவே இரண்டுக்கும் முரண்பாடு கிடையாது. விளையாட்டுக்கு ஒன்று, சாலைப் பாதுகாப்புக்கு ஒன்று, இரண்டு கௌரவம் பரிந்துரைக்கிறேன்."

பார்வையாளர் தாள்களைப் புரட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஃபைலை மூடினார். பலத்த கைதட்டல். அக்ஷயா மேடைக்கு வரவில்லை. காரிலேயே ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜெபகுமார் கருப்பனின் வீட்டுக்கே வந்தார். முதன்முறையாக அவருக்கு வியர்த்திருந்தது.

"அண்ணே, அடுத்த ஞாயித்துக்கெழம ரேஸ். பாதுகாப்பு சோதனைக்காரங்க வராங்க. சுவர் இல்லன்னா தடத்துக்குப் பூட்டுதான். பூவெல்லாம் எடுத்துட்டோம். நீங்க அடுக்கிக் குடுக்கணும்."

"டயருக்கு ஒம்போது ரூபா."

"சரிண்ணே."

"முன்பணம். முழுசும்."

கருப்பன் சண்டைக்குத் தயாராக நின்றார். ஆனால் ஜெபகுமார் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதானே? முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே. பழைய பாக்கின்னா என்னால தொட முடியாது. பாக்கியே இல்லன்னு டெல்லி வரைக்கும் போயிடுச்சு. இது புது வேல. புது வேலைன்னா சாயந்தரமே பாஸ் ஆயிடும். அக்ஷயாவும் காலையிலேர்ந்து நாலு வாட்டி போன் பண்ணிட்டாங்க, உங்களுக்குக் குடுத்தாச்சான்னு."

சாயந்தரம் பணம் வந்தது. பதினாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. கருப்பன் மூன்று முறை எண்ணினார். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பதினாலாயிரத்தை வெங்கடலட்சுமியிடம் கொடுத்தார், அவள் எண்ணிப் பார்க்காமலே மோட்டார்க்காரர் வீட்டுக்கு ஓடினாள். ரசீதில், 'ரூ.14,310 பெற்றுக்கொண்டேன். இத்துடன் தீர்ந்தது' என்று கருப்பன் எழுதினார். எது தீர்ந்தது என்று ஜெபகுமார் கேட்கவில்லை.

மறுநாள் காலை தடத்தில் சலீம் சிரித்துக்கொண்டே வந்தான். "அடுக்கினது ஒரு வாட்டி, இறக்கினது ஒரு வாட்டி, இப்போ மறுபடியும் ஒரு வாட்டி. மூணு வேலைக்கு ஒரு கூலி வாங்கின ஆளு இந்த ரெண்டு மாவட்டத்துலயும் நீ ஒருத்தன்தாண்ணே. உனக்குத்தான் குடுக்கணும் அந்தப் பட்டத்த."

"குடுக்காத மாதிரி பாத்துக்க," என்றார் கருப்பன்.

வெள்ளை அடித்த டயர் ஒன்றைப் புரட்டி எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, வளைவில் வைத்தார்.

"ஒன்னு," என்றார்.